கேமிங்குக்கும் ஓவர்கிளாக்குக்கும் ப்ராசஸர்: எதை முதலில் முடிவு செய்வது, எதைக் கடைசியில் தொடுவது

ப்ராசஸர் வாங்கப் போகிறவர்களில் பலர் ப்ராசஸரிலிருந்தே தொடங்குகிறார்கள். சறுக்கல் அங்கேயே ஆரம்பமாகிவிடுகிறது. முதலில் பார்க்க வேண்டியது மானிட்டர். அப்புறம் கிராபிக்ஸ் கார்டு, அதற்குப் பிறகுதான் ப்ராசஸர். இந்த வரிசை மாறினால், வேகமான சிப்பை வாங்கியும் விளையாட்டில் ஒரு மாற்றமும் தெரியாமல் போகும். ஓவர்கிளாக், அதாவது சிப்பைத் தொழிற்சாலை வைத்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது, கடைசியில்தான் வரும். கீழே உள்ள படிகளை மேலிருந்து கீழாகவே செய்யுங்கள். ஒவ்வொரு படியின் விடையும் அடுத்த படிக்குத் தேவைப்படும்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

மானிட்டரின் ரெசல்யூஷனும் ரெஃப்ரெஷ் ரேட்டும் (விநாடிக்கு எத்தனை முறை படம் மாறும் என்ற எண்), கிராபிக்ஸ் கார்டின் சரியான பெயர், பவர் சப்ளையின் வாட் அளவு, கேபினெட்டுக்குள் எத்தனை மில்லிமீட்டர் உயரக் கூலர் நுழையும் என்ற கணக்கு. இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். பெட்டியைப் பிரித்த பிறகு கூலர் பக்கவாட்டுக் கண்ணாடியில் இடித்தால் பொருளைத் திருப்பிக் கொடுப்பது பெரும்பாடு.

மென்பொருளில் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் (ஃப்ரேம், பயன்பாட்டு எண்களைத் திரையில் காட்ட), எச்டபிள்யூஇன்ஃபோ (வெப்பம், வோல்டேஜ் பார்க்க), சினிபெஞ்ச் (ப்ராசஸரின் வேக மதிப்பெண்ணுக்கு), ஓசிசிடி, கோர்சைக்ளர் (ப்ராசஸர் நிலையாக ஓடுகிறதா என்று சோதிக்க), மெம்டெஸ்ட்86 (ராமைச் சோதிக்க) ஆகியவை போதும். எல்லாமே வீட்டுப் பயன்பாட்டுக்கு இலவசமாகக் கிடைக்கின்றன.

1. எத்தனை ஃப்ரேம் வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

விநாடிக்கு 60 ஃப்ரேம் (திரையில் அடுத்தடுத்து வரும் படம்) என்றால் ஒவ்வொரு ஃப்ரேமையும் தயார் செய்ய 16.7 மில்லிவிநாடி இருக்கிறது. 144 ஃப்ரேமுக்கு 6.9 மில்லிவிநாடி, 240 ஃப்ரேமுக்கு 4.2 மட்டுமே. எதிரி எங்கே நகர்கிறான், குண்டு எங்கே போகிறது என்ற கணக்கையெல்லாம் ப்ராசஸர் இந்த நேரத்துக்குள் முடித்து, வரைய வேண்டியதைக் கிராபிக்ஸ் கார்டிடம் ஒப்படைக்க வேண்டும்.

ரெசல்யூஷனைக் கூட்டினால் சுமை ஏறுவது பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டுக்கு. ஃப்ரேம் எண்ணிக்கையைக் கூட்டினால் ப்ராசஸருக்கும் சேர்ந்து ஏறும். அதனால்தான் 4கே மானிட்டரில் 60 ஃப்ரேம் போதும் என்பவருக்கு நடுத்தர ப்ராசஸரே தாராளம். 1080பி-யில் கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 அல்லது வேலரன்ட்டை 240 ஃப்ரேமில் ஆட வேண்டும் என்பவருக்கு நல்ல ப்ராசஸர் இல்லாமல் முடியாது.

2. இப்போதைய கணினியில் தடை எங்கே என்று அளந்து பாருங்கள்

பழைய கணினி இருந்தால் இந்தப் படியைத் தாண்டவே தாண்டாதீர்கள். என்னிடம் வந்த ஒருவர், ப்ராசஸரை மாற்றியே ஆக வேண்டும் என்ற முடிவோடு இருந்தார். ஆஃப்டர்பர்னரைப் போட்டு, திரையின் மூலையில் எண்கள் ஓடும்படி வைத்தோம். கிராபிக்ஸ் கார்டு 99 சதவீதம், ப்ராசஸர் 41 சதவீதம், ஃப்ரேம் 62. ரெசல்யூஷனை 1440-லிருந்து 1080-க்கு இறக்கியதும் ஃப்ரேம் 90-ஐத் தாண்டியது. ப்ராசஸர் அதுவரை சும்மா காத்துக்கொண்டிருந்திருக்கிறது. அவருக்குத் தேவைப்பட்டது வேறு கிராபிக்ஸ் கார்டு.

நீங்கள் செய்ய வேண்டியதும் அதுதான். வழக்கமாக ஆடும் விளையாட்டில், வழக்கமான செட்டிங்ஸில், கூட்டம் நிறைந்த ஓர் இடத்தில் நின்று எண்களைக் குறியுங்கள். பிறகு ரெசல்யூஷனை மட்டும் இறக்கிவிட்டு அதே இடத்தில் மறுபடி பாருங்கள். ஃப்ரேம் நன்றாக ஏறினால் தடை கிராபிக்ஸ் கார்டில் இருக்கிறது. ஏறாமல் அதே இடத்தில் நின்றால் ப்ராசஸரிலோ ராமிலோ இருக்கிறது. வி-சிங்க்கையும் (ஃப்ரேமை மானிட்டரின் ரெஃப்ரெஷ் ரேட்டோடு கட்டிப்போடும் செட்டிங்) ஃப்ரேம் வரம்பையும் அணைத்துவிட்டுச் செய்யுங்கள். இல்லாவிட்டால் அந்த வரம்பையே தடை என்று நினைத்துவிடுவீர்கள்.

இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ப்ராசஸரின் மொத்தப் பயன்பாடு 30 சதவீதம்தான் காட்டுகிறது, அப்படியென்றால் அது தடையில்லை என்று முடிவு கட்டிவிடுவார்கள். 16 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசை) உள்ள சிப்பில் ஒரே ஒரு த்ரெட் முழு மூச்சாக ஓடினால் மொத்தக் கணக்கில் அது 6 சதவீதம் சொச்சம்தான். விளையாட்டின் முக்கிய வேலை பெரும்பாலும் ஓரிரு த்ரெட்களில்தான் நடக்கிறது. ஆகவே ப்ராசஸரின் மொத்த எண்ணைப் பார்க்காதீர்கள். கிராபிக்ஸ் கார்டு 95 சதவீதத்துக்குக் கீழே இறங்கி நிற்கிறதா என்று பாருங்கள். இறங்கி நின்றால் அதற்கு வேலை போய்ச் சேரவில்லை என்று அர்த்தம்.

3. கோர் எண்ணிக்கையை முடிவு செய்துவிட்டு, கேஷைப் பாருங்கள்

கோர் என்பது சிப்புக்குள் தனியாக வேலை செய்யும் ஒரு பகுதி. விளையாட்டுக்கு மட்டும் என்றால் 6 கோர் போதும், 8 கோர் வசதி. அதற்கு மேல் போவது வீடியோ எடிட்டிங், ரெண்டரிங் போன்ற வேலையும் செய்பவர்களுக்கு. கோரைக் கூட்டக் கூட்டப் பணம் போகும், விளையாட்டில் அந்த அளவுக்கு ஃப்ரேம் வராது.

இன்டெல் சிப்களில் கோர் எண்ணிக்கையைப் படிக்கும்போது கவனமாக இருங்கள். கோர் ஐ5 14600கே-யில் 14 கோர் என்று பெட்டியில் இருக்கும். அதில் வேகமான பி-கோர் 6, சிறிய ஈ-கோர் 8. விளையாட்டைத் தாங்குவது அந்த 6-தான்.

அடுத்தது கிகாஹெர்ட்ஸ், அதாவது கோர் ஓடும் வேகம். இரண்டு சிப்பின் கிகாஹெர்ட்ஸை அருகருகே வைத்துப் பெரிய எண்ணை எடுப்பது புதியவர்கள் தொடர்ந்து செய்யும் தவறு. ஏஎம்டியின் ரைசன் 7 9700எக்ஸ், ரைசன் 7 9800எக்ஸ்3டி இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் 8 கோர், இரண்டும் ஒரே தலைமுறை. முன்னது 5.5 கிகாஹெர்ட்ஸ் வரை போகும், பின்னது 5.2 வரைதான். ஆனாலும் ப்ராசஸர் தடையாக இருக்கும் விளையாட்டுகளில் முந்துவது 9800எக்ஸ்3டி. காரணம் எல்3 கேஷ், அதாவது சிப்புக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம்: முன்னதில் 32 எம்பி, பின்னதில் 96 எம்பி.

விளையாட்டு ஓடும்போது ப்ராசஸர் ஆயிரக்கணக்கான சின்னச் சின்னத் தகவல்களைத் திரும்பத் திரும்பத் தேடுகிறது. கேஷில் கிடைத்தால் உடனே வேலை நடக்கும். கிடைக்காவிட்டால் ராம் வரை போய் எடுத்து வரவேண்டும், அதுவரை கோர் சும்மா நிற்கும். 5.5-ல் சும்மா நிற்பதைவிட 5.2-ல் வேலை செய்வது மேல். சிமுலேட்டர், ஸ்ட்ராடஜி, நூற்றுக்கணக்கானோர் சேர்ந்து ஆடும் ஆன்லைன் விளையாட்டு ஆகியவற்றில் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். என் கருத்தில், விளையாட்டே முதன்மை என்பவர் கிகாஹெர்ட்ஸுக்குத் தரும் பணத்தைக் கேஷுக்குத் தரலாம்.

12, 16 கோர் எக்ஸ்3டி (ஏஎம்டியின் கூடுதல் கேஷ் வகை) சிப்களில் ஒரு சிக்கல் இருக்கிறது. உதாரணமாக ரைசன் 9 9950எக்ஸ்3டி-யில் கோர்கள் இரண்டு துண்டுகளாக இருக்கின்றன, கூடுதல் கேஷ் ஒரு துண்டில் மட்டுமே உண்டு. விளையாட்டைச் சரியான துண்டில் ஓடவைக்கும் பொறுப்பு விண்டோஸுக்கும் சிப்செட் டிரைவருக்கும் போகிறது. டிரைவரைப் போடாமல் விட்டால் பெரிய சிப் சிறிய சிப்பிடம் தோற்கும்.

4. பெயரின் கடைசி எழுத்தைப் படியுங்கள்

இன்டெலில் 'கே' இருந்தால் மல்டிப்ளையர் (கோர் வேகத்தைத் தீர்மானிக்கும் பெருக்கல் எண்) திறந்திருக்கிறது, ஓவர்கிளாக் செய்யலாம். 'எஃப்' இருந்தால் உள்ளமைந்த கிராபிக்ஸ் இல்லை. 'கேஎஃப்' என்றால் இரண்டும் சேர்ந்தது. ஓர் எழுத்தும் இல்லாவிட்டால் மல்டிப்ளையர் பூட்டியிருக்கும்.

ஏஎம்டியில் அநேகமாக எல்லா ரைசன் சிப்பும் திறந்தவை. விதிவிலக்கு எக்ஸ்3டி வரிசையில் இருக்கிறது. 2022-ல் வந்த 5800எக்ஸ்3டி-யிலும் 2023-ல் வந்த 7800எக்ஸ்3டி-யிலும் மல்டிப்ளையரை ஏற்ற முடியாது. அவற்றில் கேஷ் கோர்களுக்கு மேலே அடுக்கப்பட்டிருந்ததால் சூடு வெளியேறுவது கடினம். 2024 நவம்பரில் வந்த 9800எக்ஸ்3டி-யில் கேஷைக் கோர்களுக்குக் கீழே கொண்டுபோனார்கள், பூட்டையும் திறந்துவிட்டார்கள்.

முடிந்தால் உள்ளமைந்த கிராபிக்ஸ் உள்ள சிப்பை எடுங்கள். கிராபிக்ஸ் கார்டு ஒருநாள் படுத்துவிட்டால், கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க அது கைகொடுக்கும். 'எஃப்' சிப்பை மாட்டிவிட்டு, மானிட்டர் வயரை மதர்போர்டில் செருகி, திரை கறுப்பாகவே இருக்கிறது என்று பதறுபவர்களை அடிக்கடி பார்க்கிறேன். வயரைக் கிராபிக்ஸ் கார்டுக்கு மாற்றினால் படம் வந்துவிடும்.

5. ஓவர்கிளாக் வேண்டுமா என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள்

மதர்போர்டு, கூலர், பவர் சப்ளை மூன்றின் தேர்வும் இதைப் பொறுத்தே அமையும் என்பதால் இந்தக் கேள்வி இங்கே வருகிறது.

இன்றைய சிப்கள் தொழிற்சாலையிலிருந்தே கிட்டத்தட்ட எல்லை வரை ஓட்டப்பட்டு வருகின்றன. 5.2 கிகாஹெர்ட்ஸை 5.4 ஆக்கினால் ஏற்றம் 4 சதவீதம்கூட இல்லை. அதையும் கிராபிக்ஸ் கார்டு தடையாக இருக்கும் இடத்தில் பார்க்கவே முடியாது. ஆனால் மின்சாரம் அப்படிச் சிக்கனமாக ஏறாது. செலவாகும் மின்சாரம் வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 1.20 வோல்ட்டை 1.32 ஆக்கினால், அதாவது 10 சதவீதம் கூட்டினால், வேகம் மாறாமல் இருந்தாலும் மின்சாரம் 21 சதவீதம் கூடிவிடும். அத்தனையும் சூடாகத்தான் வெளியே வர வேண்டும்.

அதனால் விளையாட்டுக்கு உண்மையான பலன் தரும் வேலைகள் இரண்டு. ராமை அதன் முழு வேகத்தில் ஓடவைப்பது ஒன்று. வோல்டேஜைக் குறைத்து, சிப் தானாகவே அதிக நேரம் உச்ச வேகத்தில் நிற்கும்படி செய்வது மற்றொன்று. மல்டிப்ளையரை ஏற்றுவது மூன்றாவது இடம்தான். அந்த வேலையில் எனக்குப் பெரிய ஆசை உண்டு, ஒரு மாலை முழுக்க அதில் உட்காரவும் செய்வேன். ஆனாலும் ஃப்ரேமுக்காக மட்டும் என்றால் அதற்கென்று தனியாகப் பணம் போடச் சொல்ல மாட்டேன்.

இன்னொன்று: ஓவர்கிளாக்கால் வரும் சேதத்தை இரு நிறுவனங்களின் வாரண்டியும் ஏற்காது. இதைத் தெரிந்துகொண்டே இறங்குங்கள்.

6. மதர்போர்டு: சாக்கெட், சிப்செட், பயாஸ் என்ற வரிசையில்

சாக்கெட், அதாவது ப்ராசஸர் உட்காரும் இடம், முதலில். இன்டெலின் 12, 13, 14-ஆம் தலைமுறைகள் எல்ஜிஏ1700, கோர் அல்ட்ரா 200எஸ் வரிசை எல்ஜிஏ1851. ரைசன் 7000, 9000 வரிசைகள் ஏஎம்5. நாளைக்குப் ப்ராசஸரை மட்டும் மாற்றும் எண்ணம் இருந்தால், வயதான சாக்கெட்டில் பணம் போடாதீர்கள்.

அடுத்தது சிப்செட், அதாவது போர்டு எதையெல்லாம் அனுமதிக்கும் என்று தீர்மானிக்கும் சிப். இன்டெலில் ப்ராசஸர் ஓவர்கிளாக்குக்கு 'இசட்' தொடங்கும் சிப்செட் வேண்டும்: இசட்790, இசட்890. பி760 போர்டில் ராமை ஏற்றலாம், மல்டிப்ளையரை ஏற்ற முடியாது. 'கே' சிப்பைப் பி760 போர்டில் மாட்டிவிட்டு, பயாஸில் (போர்டின் அடிப்படைச் செட்டிங்ஸ் மென்பொருள்) ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி அந்தச் செட்டிங்கைத் தேடிய ஒருவருக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். எண்ணைத் தட்டுகிறார், சேமிக்கிறார், கணினி திரும்ப வருகிறது, வேகம் பழையபடியே. சிப்பும் நல்லது, போர்டும் நல்லது, ஆனால் ஜோடி தவறு.

ஏஎம்டியில் பி650, பி850, எக்ஸ்670, எக்ஸ்870 எல்லாவற்றிலும் ஓவர்கிளாக் செய்யலாம். ஏ620-லும் பி840-லும் ப்ராசஸர் ஓவர்கிளாக் கிடையாது. பி840 என்ற பெயர் பி850-க்குத் தம்பி போலத் தோன்றும், அதை நம்பி வாங்கிவிடாதீர்கள்.

பிறகு பயாஸ். கடையில் நாள்பட்டுக் கிடந்த ஏஎம்5 போர்டில் பழைய பயாஸ் இருந்தால் 9000 வரிசைச் சிப்பை அது அடையாளம் காணாது. பயாஸ் ஃப்ளாஷ்பேக் பொத்தான் உள்ள போர்டாக எடுத்தால், ப்ராசஸர் இல்லாமலேயே பென்டிரைவிலிருந்து புதுப்பித்துவிடலாம். எல்ஜிஏ1700 போர்டுகள் சிலவற்றில் டிடிஆர்4, சிலவற்றில் டிடிஆர்5. ஒன்றின் ராம் மற்றதில் நுழையாது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

7. கூலரும் பவர் சப்ளையும்

சிப்பின் பெட்டியில் உள்ள டிடிபி எண்ணை (நிறுவனம் சொல்லும் வாட் அளவு) வைத்துக் கூலர் வாங்கினால் குறைவாகத்தான் வாங்குவீர்கள். ஏஎம்5-ல் 65 வாட் என்று எழுதிய சிப் 88 வாட் வரை இழுக்கும். 120 வாட் சிப்புக்கு 162, 170 வாட் சிப்புக்கு 230. இன்டெலில் 125 வாட் என்று இருக்கும் 14600கே 181 வாட்டுக்கும், 14900கே 253 வாட்டுக்கும் போகும். கூலரை இந்தப் பெரிய எண்ணுக்கு எடுங்கள்.

சூட்டின் எல்லை சிப்புக்குச் சிப் மாறும். எக்ஸ்3டி அல்லாத ரைசன் 7000 சிப்களுக்கு 95 டிகிரி செல்சியஸ், 7800எக்ஸ்3டி-க்கு 89, இன்டெல் 14600கே-க்கு 100. எல்லையைத் தொட்டதும் சிப் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

மாட்டும்போது கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரித்தீர்களா என்று பாருங்கள். போர்டின் மேல் மூலையில் ப்ராசஸருக்கென்று இருக்கும் 8-பின் மின் இணைப்பையும் மறக்காதீர்கள். அதைச் செருகாவிட்டால் மின்விசிறி சுற்றும், படம் வராது.

8. ராம்: இரண்டு குச்சி, சரியான துளை

ரைசன் 7000, 9000 வரிசைகளுக்கு டிடிஆர்5-6000 நல்ல இடம். அதுவரை ராமும் ப்ராசஸரின் மெமரி கன்ட்ரோலரும் (ராமைக் கையாளும் பகுதி) ஒரே வேகத்தில் சேர்ந்து ஓடும். அதற்கு மேலே போகப் போகக் கன்ட்ரோலர் பாதி வேகத்துக்கு இறங்க நேரிடும், பெரிய எண் வாங்கியும் பலன் குறையும்.

நான்கு குச்சி வேண்டாம். ஏஎம்5-ல் நான்கு மாட்டினால் அதிகாரபூர்வ வேகம் 3600-க்கு இறங்கிவிடுகிறது. ஒன்று மட்டும் மாட்டினாலும் பாதிப் பாதைதான் திறக்கும். இரண்டாக வாங்கி, ப்ராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது துளைகளில் செருகுங்கள். முதல்முறை இயக்கும்போது டிடிஆர்5 ராமைப் பழக்கிக்கொள்ளப் போர்டுக்குச் சில நிமிடங்கள் ஆகும். திரை கறுப்பாக இருக்கிறதே என்று பொத்தானை அமுக்கி அணைத்துவிடாதீர்கள், பொறுங்கள்.

9. எதையும் தொடாமல் முதலில் அளவெடுங்கள்

பயாஸைப் புதுப்பியுங்கள். இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்பாக இருந்தால் இது கட்டாயம். அந்தச் சிப்களுக்கு அதிக வோல்டேஜ் போய் அவை பழுதாகும் பிரச்சினையைச் சரிசெய்ய 2024-ல் மைக்ரோகோடு (ப்ராசஸரின் உள் மென்பொருள்) புதுப்பிப்புகள் வந்தன, அவை பயாஸ் வழியாகத்தான் போர்டுக்கு வருகின்றன. ஏற்கனவே பழுதான சிப்பை அது குணமாக்காது என்பதால், முதல் நாளே செய்துவிடுங்கள்.

பிறகு சினிபெஞ்சைப் பத்து நிமிடம் ஓட்டி, மதிப்பெண், வெப்பம், வாட், கோர் வேகம் நான்கையும் குறியுங்கள். உங்கள் விளையாட்டில் சராசரி ஃப்ரேமோடு '1 சதவீதத் தாழ்வு' எண்ணையும் (மிக மெதுவான 1 சதவீத ஃப்ரேம்களின் வேகம்) எடுங்கள். திணறல் தெரிவது அந்தத் தாழ்வு எண்ணில்தான். இந்த அளவு இல்லாமல் ஓவர்கிளாக்கில் இறங்கினால், நன்மை நடந்ததா என்று சொல்ல உங்களிடம் ஒன்றும் இருக்காது.

10. ஓவர்கிளாக்: ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்

முதலில் ராம். பயாஸில் ஏஎம்டிக்கு எக்ஸ்போ, இன்டெலுக்கு எக்ஸ்எம்பி என்ற புரொஃபைலை இயக்குங்கள். இயக்கும்வரை 6000 என்று வாங்கிய ராம் 4800-லோ 5600-லோதான் ஓடிக்கொண்டிருக்கும். இயக்கியதும் மெம்டெஸ்ட்86-ஐ முழுவதும் ஓட்டி, ஒரு பிழைகூட இல்லை என்று உறுதி செய்யுங்கள். ராம் பிழையும் ப்ராசஸர் பிழையும் வெளியே பார்க்க ஒரே மாதிரி இருக்கும். ராமை முதலில் முடித்துவிட்டால் பின்னால் குழப்பம் இல்லை. ஏஎம்5-ல் எஸ்ஓசி வோல்டேஜ் (மெமரி கன்ட்ரோலர் இருக்கும் பகுதிக்குப் போவது) 1.3-ஐத் தாண்டவில்லை என்பதையும் எச்டபிள்யூஇன்ஃபோவில் பாருங்கள். 2023-ல் சில சிப்கள் கருகிய பிறகு ஏஎம்டி வைத்த வரம்பு அது.

ரைசனில் அடுத்தது கர்வ் ஆப்டிமைசர், அதாவது கோர்களின் வோல்டேஜைக் குறைக்கும் பயாஸ் செட்டிங். எல்லாக் கோருக்கும் மைனஸ் 10 கொடுத்துச் சோதியுங்கள். தாங்கினால் ஐந்தைந்தாக இறங்குங்கள். தடுமாறும் கோரை மட்டும் மேலே கொண்டுவாருங்கள், மற்றவை அப்படியே இருக்கட்டும். எல்லாக் கோரையும் ஒரே வேகத்தில் பூட்டும் பழைய முறை வேண்டாம். 5.5 வரை தாவக்கூடிய சிப்பை 5.2-ல் பூட்டினால் சினிபெஞ்ச் மதிப்பெண் ஏறும், ஓரிரு கோரை நம்பியிருக்கும் விளையாட்டில் ஃப்ரேம் இறங்கும்.

இன்டெல் 'கே' சிப்பில் பி-கோர் மல்டிப்ளையரை ஒன்று ஏற்றுங்கள். ஒன்று என்பது 100 மெகாஹெர்ட்ஸ். வோல்டேஜைத் தொடாமல் எதுவரை போகிறது என்று பாருங்கள். நின்ற இடத்திலிருந்து ஒரு படி கீழே இறங்கி அங்கேயே விட்டுவிடுவதுதான் தினசரிப் பயன்பாட்டுக்கு என் வழி. வோல்டேஜை 'ஆட்டோ'வில் விட்டு மல்டிப்ளையரைத் தாராளமாக ஏற்றுவது ஆபத்து. போர்டு உங்களைக் கேட்காமலேயே வோல்டேஜை வாரி இறைக்கும்.

11. நிலையாக இருக்கிறதா என்று சோதியுங்கள், சும்மா இருக்கும்போதும்

ஓசிசிடி ஒரு மணி நேரம் ஓடினால் முடிந்தது என்று நானும் ஒரு காலத்தில் நினைத்திருந்தேன். மைனஸ் 30 கொடுத்த ஒரு கணினி இரவு முழுக்க முழுச் சுமையைத் தாங்கியது. காலையில் பிரவுசரில் ஒரு பக்கத்தை வாசித்துக்கொண்டிருந்தபோது, சொல்லாமல் கொள்ளாமல் அணைந்து திரும்ப எழுந்தது. முழுச் சுமையில் எல்லாக் கோரும் மிதமான வேகத்தில்தான் ஓடும். சுமை குறைவாக இருக்கும்போதுதான் ஒற்றைக் கோர் உச்ச வேகத்துக்குத் தாவும், குறைந்த வோல்டேஜ் போதாமல் போவதும் அந்தத் தாவலில்தான்.

அதற்குத்தான் கோர்சைக்ளர். அது ஒவ்வொரு கோராக எடுத்துத் தனித்தனியே சோதிக்கும், எந்தக் கோர் தவறுகிறது என்றும் காட்டும். இரண்டு மூன்று இரவுகள் ஓடவிடுங்கள். விண்டோஸ் ஈவன்ட் வியூவரில் டபிள்யூஎச்ஈஏ (வன்பொருள் பிழை) என்ற பெயரில் எச்சரிக்கை ஏதும் பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். கணினி விழாமல் இருந்தாலும் அந்தப் பதிவு இருந்தால் நிலை சரியில்லை, ஒரு படி பின்வாங்குங்கள்.

பிறகு 9-ஆம் படியில் குறித்த அதே விளையாட்டு, அதே இடம். எண்களை அருகருகே வைத்துப் பாருங்கள். ஏற்றம் தெரியவில்லை, வெப்பம் மட்டும் கூடியிருக்கிறது என்றால் அந்த மாற்றத்தை நீக்கிவிடுங்கள்.

முடிந்ததும் பயாஸில் புரொஃபைலாகச் சேமித்து, ஒவ்வொரு எண்ணையும் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். பயாஸைப் புதுப்பிக்கும்போது செட்டிங்ஸ் எல்லாம் அழியும், பழைய புரொஃபைலைப் புதிய பயாஸ் ஏற்காமலும் போகலாம். அப்போது படத்தைப் பார்த்து ஒவ்வொன்றாக உள்ளிடுங்கள். புதிய பயாஸோடு ராமும் கர்வ் எண்களும் முன்போல நடந்துகொள்ளும் என்று எதிர்பார்க்க முடியாது, அதனால் மெம்டெஸ்ட்86-லிருந்து சோதனையை மறுபடி தொடங்குங்கள்.